அன்பியமா, வாசகர் வட்டமா?

மனிதர்களுக்குள் நெருக்கம் எங்கே அதிகம், அன்பியத்திலா, புத்தகம் படித்துப் பேசக் கூடும் வாசகர் வட்டத்திலா? தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஒவ்வொரு தேவாலயத்தையும் சேர்ந்த மக்களிடையே, அன்பியம் என்று ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி பைபிள் வாசித்து ஜெபிக்கும். அது முடிந்த பிறகு நடக்கும் பேச்சுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. யார் வீட்டில் காய்ச்சல், யாருக்குப் பிரசவம், எந்தப் பையன் வேலை தேடுகிறான் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். துக்க வீடு என்றால் நாற்காலி போடுவதிலிருந்து காபி கலப்பது வரை கூப்பிடாமலே ஆள் வந்துவிடும்.

நூலக வாசகர் வட்டத்தில் பேச்சு அருமையாக இருக்கும். ஆனால் இரண்டு மாதம் வராதவரைத் தேடி வீட்டுக்குப் போவது அபூர்வம்.

அன்பியத்தின் இந்த நெருக்கத்துக்குக் காரணம் பக்தி மட்டும்தானா? ஆய்வாளர்கள் சேயூன் லிம்மும் ராபர்ட் புட்னமும் அமெரிக்காவைப் பற்றி 2010-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. வழிபாட்டுக்குத் தவறாமல் போகிறவர்களின் மனநிறைவுக்குப் பெரிய காரணம் அங்கே கிடைக்கும் நெருங்கிய நண்பர்கள்தானாம்.

சரி, அந்த அரவணைப்பு எல்லாருக்கும் கிடைக்கிறதா? திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைத் தனியே பிரித்துச் சுவரே எழுப்பியிருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. மதம் மாறி மணந்தவர்களும் நம்பிக்கையை விட்டவர்களும் கூச்சமில்லாமல் வந்து உட்கார வாசகர் வட்டத்தில் இடமுண்டு.

நெருக்கத்தில் என் ஓட்டு அன்பியத்துக்கே. வாசகர் வட்டங்கள் உறுப்பினர்களின் போன் நம்பரை வாங்கி வைத்து, வராதவரை விசாரிக்க ஓர் ஆளை நியமித்தாலே பாதி தூரம் வந்துவிடும்.