கால் மணி நேரக் கதைப்பட்டறை: ‘ரைட்டிங் எக்ஸ்கியூசஸ்’ வலையொலி

அறிபுனையும் (அறிவியல் புனைகதை) மிகுபுனைவும் (மாய உலகக் கதை) எழுதுபவர்களை மேடையேற்றிப் பேசச் சொன்னால், ‘இந்தக் கரு உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது?’ என்ற ஒரே கேள்வியில் பாதி நேரம் கரைந்துவிடும். மீதி நேரத்தைச் சிறுவயதில் படித்த புத்தகங்களின் பட்டியல் எடுத்துக்கொள்ளும். நாவல் பாதியில் நகர மறுத்தபோது என்ன செய்தார்கள், எந்தப் பாத்திரத்தை வெட்டி எறிந்தார்கள், கதைக்குத் தேவையான விஞ்ஞானத்தை வாசகருக்கு அலுக்காமல் எங்கே நுழைத்தார்கள் என்பதையெல்லாம் யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. 2008-ஆம் ஆண்டிலிருந்து வாரந்தோறும் வெளிவந்துகொண்டிருக்கும் ‘ரைட்டிங் எக்ஸ்கியூசஸ்’ என்ற ஆங்கில வலையொலியில் (பாட்காஸ்ட்) எழுத்தாளர்கள் பேசுவதெல்லாம் பெரும்பாலும் இந்தச் சங்கதிகளைப் பற்றித்தான். காசு கொடுக்காமல் கேட்கலாம். தமிழில் கதை எழுதுகிறவர்களுக்கு இது எவ்வளவு பயன்படும் என்ற கண்ணோட்டத்தில்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

தொடங்கியவர்கள் மூவர்: மிகுபுனைவு நாவலாசிரியர் பிராண்டன் சாண்டர்சன், திகில் கதைகள் எழுதும் டான் வெல்ஸ், இணையச் சித்திரக்கதை வரைந்துகொண்டிருந்த ஹோவர்ட் டெய்லர். 2011-இல் மேரி ராபினெட் கோவால் நிரந்தர உறுப்பினராகச் சேர்ந்தார். உங்களுக்கு நேரமில்லை, எங்களுக்கு அவ்வளவு அறிவுமில்லை, அதனால் பதினைந்தே நிமிடம் என்ற பொருளில் ஒரு கேலி வரியைச் சொல்லித்தான் நெடுங்காலம் ஒவ்வொரு பகுதியையும் தொடங்கினார்கள். முடிவில் கேட்பவருக்கு ஓர் எழுத்துப் பயிற்சியை வீட்டுப்பாடமாகக் கொடுத்து, சாக்குகள் தீர்ந்தன, போய் எழுதுங்கள் என்று விரட்டுவார்கள். ஏழாவது சீசனுக்கு 2013-இல், அறிபுனை, மிகுபுனைவுத் துறைக்கான ஹியூகோ விருது கிடைத்தது.

இந்த நால்வரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர் என்பதால்தான் பேச்சு சுவையாக இருக்கிறது. சாண்டர்சன் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இரவுப்பணி பார்த்தபடி நாவல் நாவலாக எழுதிக் குவித்தவர். ஆறாவதாக எழுதிய ‘எலாண்ட்ரிஸ்’தான் முதலில் விலைபோய் 2005-இல் அச்சேறியது. ராபர்ட் ஜோர்டன் 2007-இல் காலமானபின் அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற ‘வீல் ஆஃப் டைம்’ நெடுந்தொடரை முடிக்கும் பொறுப்பும் இவரிடமே வந்தது. டெய்லர் தம்முடைய ‘ஷ்லாக் மெர்சனரி’ சித்திரக்கதையை 2000 ஜூன் 12 முதல் 2020 ஜூலை 24 வரை ஒரு நாள்கூட விடாமல் வெளியிட்டவர். வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிய நம்மூர் எழுத்தாளர்களின் அவதியை நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஆசாமி என்று சொல்லலாம்: நேற்று அச்சேறிய வரியை இன்று திருத்த முடியாது, அதை வைத்துக்கொண்டுதான் நாளைய கதையைக் கட்டவேண்டும். திட்டம் போட்டு எழுதும் சாண்டர்சனும், வெளியானதை மாற்ற வழியில்லாத டெய்லரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லும்போது, எழுத்தில் ஒரே வழி என்று ஒன்று கிடையாது என்பது யாரும் எடுத்துச் சொல்லாமலே விளங்கிவிடுகிறது.

ஆனால் இந்த வலையொலியை ஒருவர் பத்து ஆண்டு விடாமல் கேட்கிறார் என்றால் அதற்குக் காரணம் கோவாலாகத்தான் இருக்கமுடியும் என்பது என் எண்ணம். அவர் தொழில்முறைப் பொம்மலாட்டக் கலைஞர். பொம்மைக்கு உயிர் இருப்பதாகப் பார்ப்பவரை நம்பவைக்க அது எங்கே பார்க்கிறது, எப்படி மூச்சுவிடுகிறது, அதன் அசைவில் காரணம் இருக்கிறதா என்பவற்றையெல்லாம் கவனித்தாக வேண்டும். அதே கேள்விகளைக் கதாபாத்திரத்திடமும் அவர் கேட்கிறார். ஒரு காட்சியில் பாத்திரத்தின் பார்வை எதன்மேல் படுகிறதோ அதைப் பற்றித்தான் அது நினைக்கிறது என்று வாசகர் எடுத்துக்கொள்வார். ஆகையால் பார்வையின் வரிசையை மாற்றினாலே மனநிலையின் வரிசை மாறிவிடும். எழுத்துக்கலை நூல்கள் பல பக்கங்களில் சுற்றிவளைத்துச் சொல்வதை அவர் கைவேலை தெரிந்தவருக்குரிய சிக்கனத்தோடு சொல்லி முடித்துவிடுகிறார்.

அவர் அடிக்கடி எடுத்தாளும் கருவி ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கதைகளை நான்கு இழைகளாகப் பிரிக்கும் இந்த முறை அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் ஆர்சன் ஸ்காட் கார்டிடமிருந்து வந்தது. கோவால் அதை வளர்த்தெடுத்திருக்கிறார். இடத்தைப் பற்றிய இழை ஓரிடத்துக்குள் நுழைவதில் தொடங்கி அதைவிட்டு வெளியேறுவதில் முடியும். கேள்வியைப் பற்றிய இழை விடை கிடைப்பதில் முடியும். பாத்திரத்தைப் பற்றிய இழை ஒருவர் தம்மைக் குறித்துக் கொண்ட அதிருப்தியில் தொடங்கித் தம்மைப் பற்றிய புதிய தெளிவில் முடியும். நிகழ்வைப் பற்றிய இழை உலகின் ஒழுங்கு குலைவதில் தொடங்கி, பழைய ஒழுங்கு மீள்வதிலோ புதிய ஒழுங்கு அமைவதிலோ முடியும். நாவலில் இவை நான்குமே இருக்கலாம். ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த கிண்ணங்களை வெளியே எடுப்பதுபோல, கடைசியாகத் திறந்த இழையை முதலில் மூடிக்கொண்டு வரவேண்டும் என்பதே விதி.

நானே ஓர் உதாரணத்தை வைத்துப் பார்க்கிறேன். கைவிடப்பட்ட ஒரு விண்வெளி நிலையத்துக்குள், காணாமற்போன தந்தையைத் தேடி ஒரு பெண் நுழைகிறாள். நிலையத்துக்குள் நுழைந்தது வெளி இழை. தந்தைக்கு என்ன ஆயிற்று என்பது உள் இழை. அவள் நிலையத்தைவிட்டு வெளியேறி, வீட்டுக்குத் திரும்பி, அதற்குப் பிறகு ஒரு கடிதத்தின் மூலம் உண்மையை அறிந்துகொண்டாள் என்று எழுதினால், வாசகரின் மனத்தில் கதை வெளியேறும் வாசலிலேயே முடிந்துவிட்டிருக்கும்; கடிதம் வெறும் பின்னிணைப்பாகிவிடும். விடையை நிலையத்துக்குள்ளேயே கொடுத்துவிட்டால் வெளியேறும் காட்சிக்குத் தானாகவே கனம் கூடுகிறது. ‘முடிவு ஏனோ சப்பென்று இருக்கிறது’ என்று நாம் மொட்டையாகச் சொல்லும் பல கதைகளில் குறை இந்த வரிசையில்தான் ஒளிந்திருக்கிறது.

இன்னொன்று, தடையை வளர்க்கும் முறை. பாத்திரம் ஒரு பூட்டை உடைக்க முயல்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடைந்ததா என்றால், ‘ஆம், ஆனால் சத்தத்தில் காவலர் விழித்துக்கொண்டார்’ என்றோ, ‘இல்லை, அதோடு கையிலிருந்த ஒரே ஆயுதமும் முறிந்துபோயிற்று’ என்றோ பதில் அமையவேண்டும். கதை முடிவை நெருங்கும்போது இணைப்புச்சொற்களை இடம் மாற்றிவிட வேண்டும் என்கிறார் கோவால்: ‘ஆம், அதோடு இன்னொரு நன்மையும்’, ‘இல்லை, ஆனால் வேறொரு வழி’. இதை இயந்திரம்போலக் கையாண்டால் எல்லாக் கதைகளும் ஒரே மாதிரி ஒலிக்கும் என்ற அச்சம் எனக்கு உண்டு. பாதியில் படுத்துவிட்ட கதையைத் தூக்கி நிறுத்தும்போது மட்டும் இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சொந்த நாவலைப் பற்றிப் பேசும்போது இவர்கள் பொதுவிதிகளைவிட நுட்பமான இடங்களைத் தொடுகிறார்கள். கோவாலின் ‘தி கால்குலேட்டிங் ஸ்டார்ஸ்’ 2018-இல் வந்து, மறு ஆண்டில் ஹியூகோ, நெபுலா, லோகஸ் ஆகிய மூன்று விருதுகளையும் பெற்றது. 1952-இல் வாஷிங்டனை அடுத்து ஒரு விண்கல் விழுந்து, மனிதகுலம் பூமியைவிட்டு வெளியேற விரைவதாகவும், கணிதமும் விமானம் ஓட்டுவதும் அறிந்த ஒரு பெண் விண்வெளி வீராங்கனையாக முயல்வதாகவும் போகும் மாற்று வரலாறு அது. விண்கலத்துக்குள் நடக்கும் தொழில்நுட்ப உரையாடல் தேவைப்பட்ட இடங்களில் கோவால் கைப்பிரதியில் அடைப்புக்குறி போட்டு ‘இங்கே கலைச்சொல்’ என்று மட்டும் எழுதிவிட்டு மேலே போய்விடுவார். பிறகு உண்மையான விண்வெளி வீரர்களிடம் கொடுத்து அந்த இடங்களை நிரப்பித் தரச்சொல்வார். ஒரு காட்சியின் உணர்ச்சி ஓட்டத்தை ஆராய்ச்சி தடுத்துவிடக்கூடாது என்பதற்கு இதைவிட எளிய உபாயத்தை நான் கேள்விப்பட்டதில்லை. கலைச்சொல் அகராதியைப் புரட்டிக்கொண்டே முதல் அத்தியாயத்தில் உட்கார்ந்துவிடும் நம் அறிபுனை எழுத்தாளர்களுக்கு இது உடனே கைகொடுக்கும்.

சாண்டர்சனின் பெயரோடு ஒட்டிக்கொண்ட மாயவிதியும் இந்தப் பேச்சுகளில் திரும்பத் திரும்ப வரும்: மாயசக்தியைக் கொண்டு ஒரு சிக்கலைத் தீர்க்க ஆசிரியருக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பது, அந்த மாயம் எப்படி இயங்குகிறது என்று வாசகர் எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. டான் வெல்ஸின் ஏழு முனைக் கதையமைப்பு ‘ஸ்டார் டிரெக்’ என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரையொட்டிய விளையாட்டின் கையேடு ஒன்றிலிருந்து எடுத்தது என்பதை அவர் மறைப்பதே இல்லை. முடிவை முதலில் எழுதிக்கொண்டு தொடக்கத்தை அதற்கு நேரெதிராக அமைக்கச் சொல்வது அதன் சாரம். கோட்பாட்டாளர் யாரும் இவ்வளவு கூச்சமின்றித் தம் மூலத்தைக் காட்டமாட்டார்.

பேச்சை மட்டும் கேட்டுச் சலித்தவர்கள் 2014-இல் இவர்கள் வெளியிட்ட ‘ஷாடோஸ் பினீத்’ தொகுப்பை வாங்கலாம். நால்வரும் ஆளுக்கொரு கதை எழுதியிருக்கிறார்கள். கருவைப் பற்றிக் கூடிப் பேசிய பேச்சின் எழுத்து வடிவம், முதல் வரைவு, திருத்தங்கள், இறுதி வடிவம் என்று கதை உருவான தடம் முழுவதும் புத்தகத்தில் இருக்கிறது. சாண்டர்சனின் ‘சிக்ஸ்த் ஆஃப் தி டஸ்க்’ கதையில், ஆபத்து நிறைந்த தீவொன்றில் வேட்டையாடும் ஒருவனுடன் இரண்டு பறவைகள் இருக்கின்றன. ஒன்று வேட்டைமிருகங்களிடமிருந்து அவன் மனத்தை மறைத்துக் காக்கிறது, மற்றது அவன் சாகக்கூடிய இடங்களில் அவனுடைய பிணத்தையே அவனுக்குக் காட்டுகிறது. அச்சில் மெருகேறிய கதையைப் படித்தபின் முதல் வரைவுக்குப் போனால், பெயர்பெற்ற எழுத்தாளரின் வரைவிலும் தொங்கும் வாக்கியங்களும் தேவையற்ற விளக்கங்களும் இருப்பதைப் பார்க்கலாம். புதிதாக எழுதுபவருக்கு இந்த ஒரு காட்சியே புத்தகத்தின் விலைக்கு ஈடு.

தமிழர்களுக்கு நெருக்கமான ஒரு குரலும் இங்கே உண்டு. 2017-ஆம் ஆண்டின் பன்னிரண்டாவது சீசனில் சுழற்சி முறையில் வந்த குழுவொன்றில் மேரி ஆன் மோகன்ராஜ் இடம்பெற்றார். கொழும்பில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். ‘ஸ்டிரேஞ்ச் ஹொரைசன்ஸ்’ என்ற இணைய இதழை 2000-இல் நிறுவியவர். இலங்கைத் தமிழ்க் குடும்பங்களின் தலைமுறைக் கதைகளை ‘பாடீஸ் இன் மோஷன்’ தொகுப்பில் எழுதியவர். அவருடைய ‘தி ஸ்டார்ஸ் சேஞ்ச்’ தெற்காசியர் குடியேறிய, பல்கலைக்கழகம் ஒன்றைக் கொண்ட கோளில், போர் மூளும் தறுவாயில் நடக்கிறது. அவருடைய நூல்களைப் படித்துவிட்டு இந்தப் பகுதிகளைக் கேட்பது கூடுதல் பயன் தரும்.

குறைகளுக்கு வருகிறேன். பதினைந்து நிமிடம் என்ற வரம்பு அரட்டையைக் கட்டுப்படுத்தியது, உண்மைதான்; ஆனால் நால்வருக்கும் ஆளுக்கு நான்கு நிமிடம்கூடத் தேறாததால், பேச்சு சூடுபிடிக்கும் வேளையில் வீட்டுப்பாடம் வந்து நின்றது. ஆரம்ப ஆண்டுகளின் நகைச்சுவை நண்பர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளும் கிண்டல். வெளியே இருப்பவருக்குப் பாதி புரியாது. எடுத்துக்காட்டுகளில் ஹாலிவுட் படங்கள் மிகுதி. இலக்கிய முகவர்கள், முகவருக்கு அனுப்பும் விண்ணப்பக் கடிதம், அமெரிக்க மாநாடுகள் ஆகியவற்றைப் பற்றிய பகுதிகளைத் தமிழ் எழுத்தாளர் தயங்காமல் தாண்டிவிடலாம். பதிப்பாளரிடம் நேரடியாகவே கைப்பிரதியைக் கொடுத்துப் பழகிய நமக்கு அந்தச் சடங்குகளால் ஆவது ஒன்றுமில்லை. எல்லாவற்றையும்விட, மொழியின் ஓசையைப் பற்றி, ஒரு வாக்கியம் ஏன் அழகாக இருக்கிறது என்பதைப் பற்றி இவர்கள் பேசும் நேரம் கதைக்கட்டுமானத்தைப் பற்றிப் பேசுவதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

இந்தக் கடைசிக் குறையை அண்மை ஆண்டுகள் ஓரளவு சரிசெய்திருக்கின்றன. சாண்டர்சன் வாராந்தரக் குழுவிலிருந்து விலகியபின், இலக்கிய முகவர் டோங்வான் சாங்கும் சிறுகதையாசிரியர் எரின் ராபர்ட்ஸும் சேர்ந்திருக்கிறார்கள். 2024-ஆம் ஆண்டின் பத்தொன்பதாவது சீசனில் ஒவ்வொரு நுட்பத்துக்கும் ஒரு படைப்பு என்று எடுத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார்கள்: கதை நடக்கும் உலகைக் கட்டமைப்பதற்கு ஆர்க்கடி மார்ட்டினின் ‘எ மெமரி கால்டு எம்பயர்’, கதையமைப்புக்கு என்.கே. ஜெமிசினின் ‘தி ஃபிஃப்த் சீசன்’. பத்தியை உரக்க வாசித்துவிட்டு அதன் வேலையை ஆராயும்போது, பொதுவிதிகள் பேசும் பழைய பகுதிகளில் இல்லாத அடர்த்தி வந்துவிடுகிறது. ஆனால் அந்த நாவல்களை முன்கூட்டியே படித்திருந்தால்தான் முழுப்பயன்; படிக்காதவருக்குக் கதையின் முடிச்சுகள் முன்பே அவிழ்ந்துவிடும்.

முதல் சீசனிலிருந்து வரிசையாகக் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. 2015-இல் வந்த பத்தாவது சீசன், கருவில் தொடங்கித் திருத்தம்வரை ஒரு பாடத்திட்டம்போல அமைந்தது. கையில் ஒரு நாவல் யோசனை இருப்பவர் அங்கிருந்து தொடங்கலாம். ஏற்கெனவே ஒரு வரைவை முடித்துவிட்டவருக்குப் பத்தொன்பதாவது சீசனே பொருந்தும். அமெரிக்க உச்சரிப்பில் நால்வர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசும்போது தொடர முடியாதவர்கள், வலையொலியின் தளத்தில் கிடைக்கும் எழுத்துப்படிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது. இடையிடையே வரும் விளம்பரங்களை விரலால் தள்ளிவிடலாம்; கடைசியில் தரும் வீட்டுப்பாடத்தைத் தள்ளிவிட்டால் மட்டும் கேட்ட கால் மணி நேரத்தில் பாதி வீண்.