பீக் ஃப்ளோ மீட்டர்: எட்டு மாதம் ஊதிப் பார்த்த அனுபவம்

போன புரட்டாசியில் பெரம்பூரில் எங்கள் தெருமுனை மெடிக்கலில் 620 ரூபாய் கொடுத்து இந்த மீட்டரை வாங்கினேன். பேட்டரி கிடையாது, திரை கிடையாது. ஒரு சாண் நீளத்துக்குப் பிளாஸ்டிக் குழாய், மேலே சிவப்பு முள், பக்கத்தில் 60 முதல் 800 வரை கோடுகள். மூச்சை நிறைய இழுத்து ஒரே மூச்சில் வேகமாக ஊதினால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேகத்தில் காற்று வெளியே வருகிறது என்று முள் காட்டும். அவ்வளவுதான் இதன் வேலை. ஆனால் இரண்டு வருடமாக யாருக்கும் புரியவைக்க முடியாத ஒன்றை இதை வைத்துத்தான் புரியவைத்தேன்.

நான் தமிழாசிரியை. ஒரு நாளைக்கு ஐந்தாறு பீரியட், ஒவ்வொரு வகுப்பிலும் ஐம்பது பிள்ளைகள். கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி செய்யுளை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும்போது திடீரென்று தொண்டைக்குழியில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல் இறுகும். மூச்சு உள்ளே போகாது. இழுக்க இழுக்க 'ஈ' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். பிள்ளைகள் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவருவார்கள். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் சரியாகிவிடும். ஓர் இடத்தில் நெபுலைசர் (மருந்தைப் புகை போல் மூச்சில் இழுக்கவைக்கும் கருவி) வைத்தார்கள். கை நடுங்கியதுதான் மிச்சம், தொண்டை விடவில்லை. இன்னோர் இடத்தில் விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்து, "ஆக்சிஜன் 98 இருக்கும்மா, டென்ஷன்தான், மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரரே கொஞ்சம் கொஞ்சமாக அப்படி நம்ப ஆரம்பித்தது எனக்குப் பெரிய வேதனை.

கடைசியாகப் பார்த்த நெஞ்சுநோய் டாக்டர்தான் ஸ்பைரோமெட்ரி (நுரையீரலின் மூச்சுத் திறனை அளக்கும் சோதனை) எடுத்துவிட்டு, இந்த மீட்டரை வாங்கி இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதி எழுதிவரச் சொன்னார். நின்றுகொண்டு ஊத வேண்டும். முள்ளை அடியில் தள்ளிவிட்டு, உதட்டால் வாய்ப்பகுதியை இறுக்கிக் கவ்வி, ஊதுபத்தியை அணைப்பது போல் இல்லாமல் படீரென்று ஊத வேண்டும். மூன்று தடவை ஊதி, அதில் பெரிய எண்ணை எழுத வேண்டும். கோடுகளில் விரல் பட்டால் முள் நகராது. முதல் வாரம் நான் அந்தத் தப்பைத்தான் செய்தேன்.

நல்ல நாளில் எனக்கு அதிகபட்சம் 340. அதில் 80 சதவீதம், அதாவது 272க்கு மேல் இருந்தால் பச்சை, பயமில்லை. 170 வரை மஞ்சள், கவனம் தேவை. அதற்குக் கீழே சிவப்பு, ஆபத்து. எண் ஆளுக்கு ஆள் மாறும், உயரம், வயதைப் பொறுத்தது. அதனால் அடுத்த வீட்டுக்காரர் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

தொண்டை இறுகின மூன்று நாளும் ஸ்டாஃப் ரூமில் ஊதினேன்: 330, 325, 335. போகி அன்று விடியற்காலையில் தெருவெல்லாம் டயர்ப்புகை. நெஞ்சு அடைத்து, மூச்சு விடும்போது விசில் சத்தம். ஊதினால் 230. மூச்சுக்குழாயை உடனே விரிக்கிற நீல இன்ஹேலரை அடித்துவிட்டு, கால்மணி நேரம் கழித்து ஊதினால் 310. நோட்டில் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டும் ரெண்டு விதம்மா. போகி அன்னைக்கு வந்தது ஆஸ்துமா. கிளாஸ்ல வர்றது வேற" என்றார்.

காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, வேகவேகமாக மூச்சு இழுக்கச் சொன்னார். மூச்சு இழுக்கும்போது விரிய வேண்டிய குரல் நாண்கள் எனக்கு ஒன்றோடு ஒன்று ஒட்டப் பார்த்தன. திரையில் நானே பார்த்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இது என் கற்பனை இல்லை. இதற்கு மருந்து இன்ஹேலர் இல்லை, பேச்சுப் பயிற்சி. இறுகும்போது மல்லிகைப்பூவை முகர்வது போல் மூக்கால் சின்னச் சின்னதாக இழுத்து, உதட்டைக் குவித்து 'ஸ்ஸ்' என்று நீளமாக விட வேண்டும். இப்போது ஒரு நிமிடத்துக்குள் தொண்டை இளகிவிடுகிறது. புளித்த ஏப்பமும் இருந்ததால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் படுப்பதில்லை.

வாங்குகிறவர்கள் ஒன்றை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் குழாய் வெளிமூச்சைத்தான் அளக்கும். தொண்டைக் கோளாறு பெரும்பாலும் உள்மூச்சில் இருக்கிறது. எண் நன்றாக வந்துவிட்டதால் ஒன்றுமில்லை என்று அர்த்தம் இல்லை. அப்படிச் சொல்லி யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். இறாலோ மாத்திரையோ சாப்பிட்டபின் உதடு, நாக்கு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்தால் மீட்டரைத் தேடவே கூடாது, உடனே 108. ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், இன்ஹேலருக்கும் எண் ஏறாவிட்டாலும் அதேதான்.

குறைகளும் உண்டு. உள்ளே வந்த தாளில் ஒரு வரி தமிழ் இல்லை. அப்பா அம்மாவுக்கு வாங்கித் தருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஊதக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். ஆறாம் மாதத்தில் முள் 300க்குப் பக்கத்தில் சிக்க ஆரம்பித்தது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்தபின் சரியானது. கோட்டு எண்கள் லேசாக அழிகின்றன. கம்பெனி மாற்றினால் எண்ணும் கொஞ்சம் மாறும் என்பதால் ஒரே மீட்டரில் ஊதுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் குறைந்த அளவுக் கோடு போட்டது தனியாகக் கிடைக்கிறது. இழுப்பு உள்ள என் தம்பி மகளுக்கு அதைத்தான் போன வாரம் வாங்கினேன், கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும்.