கிளர்வா, தூண்டலா, செயலூட்டலா: ‘ஆக்டிவேஷன்’ என்பதை எப்படிச் சொல்வது?

“வினையூக்கி, வினையின் செயலூக்க ஆற்றலைக் குறைக்கிறது.”

நான் மொழிபெயர்த்துக் கொடுத்த பாடக்குறிப்பு ஒன்றில் இருந்த வாக்கியம் இது. வினையூக்கி என்பது கேட்டலிஸ்ட், செயலூக்க ஆற்றல் என்று நான் எழுதியது ஆக்டிவேஷன் எனர்ஜி. படித்த மாணவி ஒருவர், “ஊக்கி எப்படி சார் ஊக்கத்தைக் குறைக்கும்?” என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. வேதியியல் சரிதான், கோளாறு என் தமிழில். அந்தக் குறிப்பில் வேதியியல், உயிரியல், மருந்தியல் மூன்றும் கலந்திருந்தன. பக்கத்துக்கு இரண்டு தடவையாவது ஆக்டிவேஷன் தலைகாட்டியது. எல்லா இடத்திலும் யோசிக்காமல் செயலூக்கம் என்று போட்டுத் தள்ளியிருந்தேன். திருத்த உட்கார்ந்தபோது நான்கைந்து சொற்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, கடைசியில் செயலூட்டல் பக்கம் சாய்ந்தேன். வேதியியலில் ஓரிடத்திலும் வைரஸ் பற்றிய ஓரிடத்திலும் மட்டும் விட்டுக்கொடுத்தேன்.

முதலில் கழித்துவிட வேண்டியவை. ஆக்டிவேஷன் என்றே எழுதலாம், பேச்சில் நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் அதைச் சேர்த்தால் ஆக்டிவேட்டர், ஆக்டிவேட்டட், இன்ஆக்டிவேஷன் என்று குடும்பமே வந்து உட்கார்ந்துகொள்ளும். செயல்படுத்துதல் சிம் கார்டுக்கும் திட்டங்களுக்கும் போய்விட்டது. செயலாக்கம் தரவுக்குப் போய்விட்டது. செயலூக்கத்தின் லட்சணத்தை மேலேயே பார்த்தாயிற்று. செயலும் வினையும் ஒரே பொருள் என்பதால் அது வினையூக்கியோடு முட்டிக்கொள்கிறது. வினைவேகமாற்றி என்ற சொல்லையே வைத்திருந்தால் தப்பித்திருப்பேனோ என்னவோ.

மிச்சம் மூன்று.

கிளர்வு, வேதியியலில் பிறந்து வளர்ந்த பிள்ளை மாதிரி பொருந்துகிறது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே குடுவையில் நாள்கணக்கில் சும்மா கிடக்கும், ஒரு பொறி பட்டால் வெடிக்கும். இடையில் ஓர் ஆற்றல் மேடு இருக்கிறது, அதன் உயரம்தான் ஆக்டிவேஷன் எனர்ஜி. மோதும் மூலக்கூறுகளில் அந்த மேட்டை ஏறும் அளவு ஆற்றல் உள்ளவைதான் வினைபுரியும். 1889-ல் சுவீடன் வேதியியலாளர் அர்ரீனியஸ் வெப்பநிலைக்கும் வினைவேகத்துக்கும் உள்ள உறவைக் கிட்டத்தட்ட இப்படித்தான் விளக்கினார். மேட்டின் உச்சியில் நிற்கும் அணைவு (பாதி பிரிந்தும் பாதி சேர்ந்தும் நிற்கும் மூலக்கூறுக் கூட்டு), நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரம்கூடத் தங்காது. அந்தப் பக்கம் விழுந்தால் விளைபொருள், இந்தப் பக்கம் விழுந்தால் பழைய வினைபடுபொருள். கிளர்ந்தது அடங்கிவிடுகிறது. சொல்லும் அதையேதான் சொல்கிறது. எலெக்ட்ரான் மேல் மட்டத்துக்குத் தாவுவதையும் இயற்பியல்காரர்கள் கிளர்வு என்கிறார்கள், அது ஒரு தொல்லை. ஆனாலும் கிளர்வு ஆற்றல் என்பதில் நான் கைவைக்கவில்லை.

அதே சொல்லைக் கரிக்குப் போடும்போதுதான் இடறுகிறது. விஷம் குடித்தவருக்கு மருத்துவர்கள் கொடுக்கும் கரியைக் கிளர்வுற்ற கரி என்றால், ஏதோ மின்னேற்றிய கரி, உள்ளே போனதும் துள்ளும் என்று தோன்றாதா? உண்மையில் அந்தக் கரி துள்ளுவதே இல்லை. 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீராவி செலுத்தி அதில் கோடிக்கணக்கான நுண்துளைகளைத் திறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு கிராம் கரிக்கு 1000 சதுர மீட்டர் பரப்புகூடக் கிடைக்கும். விஷ மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. (எல்லா விஷமும் ஒட்டாது. சாராயம், இரும்பு, லித்தியம் ஆகியவற்றிடம் இந்தக் கரி தோற்றுப்போகும்.) இதில் கிளர்ந்ததும் இல்லை, அடங்குவதும் இல்லை. கரிக்கு ஒரு திறனை ஊட்டி வைத்திருக்கிறார்கள். செயலூட்டிய கரி.

தூண்டல் கேட்க இனிமையான சொல். நோய் எதிர்ப்பு பற்றி எழுதும்போது கை தானாக அதற்குத்தான் போகும். நானும் போனேன். நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான டி செல் வேலையில் இறங்க இரண்டு சமிக்ஞைகள் வேண்டும். ஒன்று, அது அடையாளம் காணும் ஆன்டிஜென், அதாவது கிருமி போன்ற அந்நியப் பொருளின் துண்டு. மற்றொன்று, அதைக் காட்டும் செல்லிடமிருந்து வரும் துணைச் சமிக்ஞை. முதலாவது மட்டும் கிடைத்தால் செல் மரத்துப்போகும். இதைத் தூண்டலில் எழுதிப் பாருங்கள்: “ஒரு தூண்டல் மட்டும் கிடைத்தால் தூண்டல் நடக்காது.” நான் எழுதிய வரிதான், சிரித்துக்கொண்டே அடித்தேன். தூண்டல் என்பது வெளியிலிருந்து வரும் குத்து. ஆக்டிவேஷன் என்பது அந்தக் குத்துக்குப் பிறகு செல் அடையும் நிலை. விளைவுக்குக் காரணத்தின் பெயரை வைத்தால் இப்படித்தான் ஆகும்.

மருந்தியலில் இன்னொரு வம்பு. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மாத்திரை கல்லீரலைக் கூடுதலாக நொதி (என்சைம்) தயாரிக்க வைக்கிறது. அதனால் கருத்தடை மாத்திரை சீக்கிரம் சிதைந்து பலன் குறைகிறது. இதற்கு நொதித் தூண்டல் என்று பெயர். ஏற்கெனவே இருக்கும் நொதியை வேலைக்கு எழுப்புவது வேறு சங்கதி, அதுதான் ஆக்டிவேஷன். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் படிப்பவர் பாவம்.

சரி, செயலூட்டலுக்கு வருகிறேன். என்னைச் சாய வைத்தது சொல்லின் அழகு அல்ல, அதன் எதிர்ச்சொல். இந்தச் சோதனையை ஆரம்பத்திலேயே செய்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

கிளர்வின் எதிர்ச்சொல் அடங்கல். தூண்டலின் எதிர்ச்சொல் ஒடுக்கல் அல்லது தணித்தல். செயலூட்டலின் எதிர்ச்சொல் செயலிழப்பு. இந்தக் கடைசிச் சொல் மருத்துவத்தில் ஏற்கெனவே வேர்விட்டு நிற்கிறது. சால்க் உருவாக்கி 1955-ல் பயன்பாட்டுக்கு வந்த போலியோ தடுப்பூசியில் இருப்பது ஃபார்மலினால் செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். சபின் உருவாக்கிய சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ். வீரியம் குறைந்தது அரிதாக வீரியம் திரும்பப் பெறலாம். செயலிழந்தது திரும்பாது, திரும்பக் கூடாது. 1955-லேயே அமெரிக்காவில் சில தொகுதித் தடுப்பூசிகளில் வைரஸ் முழுதாகச் செயலிழக்காமல் போனது. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் பலருக்கு அந்த ஊசியாலேயே போலியோ வந்தது. இந்த இடத்தில் “அடங்கிய வைரஸ்” என்று எழுதினால் என்ன ஆகும்? அடங்கியது எப்போது வேண்டுமானாலும் கிளம்பும் என்பது தமிழ் தெரிந்த யாருக்கும் தெரியும். தடுப்பூசிக்குக் கையை நீட்டுபவரிடம் சொல்லக்கூடிய சொல்லா அது?

எதிர்ச்சொல் சரியாக அமைந்தபின் மற்ற இடங்கள் தாமாக வழிவிட்டன. கணையம் டிரிப்சினோஜென் என்ற செயலற்ற வடிவத்தைச் சுரக்கிறது. சிறுகுடலில் ஒரு நொதி அதன் முனையிலிருந்து சிறு துண்டை வெட்டி எறிகிறது. மீதம் டிரிப்சின், புரதத்தைச் செரிக்கும் கத்தி. வெட்டிய துண்டு மறுபடி ஒட்டாது. இதைக் கிளர்வு என்றால் பொருள் திரிந்துவிடும். இங்கே இன்னொரு வசதியும் உண்டு. தமிழில் தன்வினை, பிறவினை இரண்டும் தனித்தனி: செயலுறும், செயலூட்டும். யார் யாருக்குச் செய்தார் என்பதை ஆக்டிவேஷன் மறைத்துவிடுகிறது. “டிரிப்சினோஜென் செயலுறுகிறது” என்று எழுதினால், யார் செயலூட்டினார் என்ற கேள்வி உடனே எழும். முதலில் குடல் நொதி, அப்புறம் அப்படிப் பிறந்த டிரிப்சினே மற்றவற்றுக்கும். இந்தச் சங்கிலி கணையத்துக்குள்ளேயே தொடங்கிவிட்டால் கணையம் தன்னையே செரிக்க ஆரம்பிக்கும். கணைய அழற்சி என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களின் உடம்பில் இப்படித்தான் நடக்கிறது.

மருந்திலும் அதே கதை. புரோன்டோசில் என்ற சிவப்புச் சாயம் 1930-களில் எலிகளைத் தொற்றிலிருந்து காப்பாற்றியது, ஆனால் சோதனைக் குழாயில் பாக்டீரியாவை ஒன்றும் செய்யவில்லை. 1935-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் காரணம் பிடிபட்டது. உடல் அந்தச் சாயத்தைப் பிளந்து சல்ஃபனிலமைடு என்ற துண்டை விடுவிக்கிறது, மருந்து அதுதான். வைட்டமின் டி-யும் கல்லீரலில் ஒரு முறை, சிறுநீரகத்தில் ஒரு முறை மாறிய பிறகே முழுதாகச் செயலுறுகிறது. அதனால்தான் சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் செயலுற்ற வடிவத்தையே கொடுக்கிறார்கள். ரத்தம் உறையும் நேரம் பார்க்கும் ஏபிடிடி பரிசோதனையின் முதல் எழுத்து குறிப்பதும் இதே குடும்பத்து ஆக்டிவேட்டட்தான். பிளாஸ்மாவோடு சிலிக்கா, கயோலின் போன்ற பொடியைச் சேர்த்து உறைதலைத் தொடங்கிவைப்பார்கள். அந்தப் பொடி செயலூட்டி.

குறை இல்லாமல் இல்லை. ஊட்டல் என்றதும் சோறுதான் நினைவுக்கு வருகிறது என்று ஒரு நண்பர் கிண்டல் செய்தார். மூளைப் படங்களில் ஒரு பகுதி ஒளிர்வதையும் ஆக்டிவேஷன் என்கிறார்கள். நரம்பியல் நூல்களில் எனக்குப் பழக்கம் குறைவு, அங்கே செயலூட்டல் ஒட்டுமா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன்.

ஒரு பத்தியில் அது தோற்றே போனது. சின்னம்மை வந்து போன பின்னும் அந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் பதுங்கியிருக்கும். வயதான பிறகு, எதிர்ப்புச் சக்தி தளரும்போது, அக்கியாக வெளிவரும். வைரஸுக்கு யாரும் எதையும் ஊட்டவில்லை. அடங்கிக் கிடந்தது எழுகிறது. மீள்செயலூட்டல் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு மீள்கிளர்வு என்று போட்டேன்.