ரிவெட் அடித்த லேப்டாப் கீபோர்டு: வீட்டிலேயே மாற்றினால் நிலைக்குமா?

திங்க்பேட் டி420 மாதிரியான 2011 காலத்து மாடல்களில் கீபோர்டு மாற்றுவது கால் மணி நேர வேலை. அடியில் கீபோர்டு படம் போட்ட ஸ்க்ரூக்களைக் கழற்றி, கீபோர்டைத் திரைப் பக்கம் லேசாகத் தள்ளித் தூக்கினால் கையோடு வந்துவிடும். இப்போது பெரும்பாலான வீடுகளில் இருக்கும் மெல்லிய 15.6 அங்குல லேப்டாப்களில் இது நடக்காது. ஐடியாபேட் 320 போன்றவற்றில் கீபோர்டை சி பேனலின் (கீபோர்டைச் சுற்றி இருக்கும், கை வைக்கும் மேல்பலகை) உள்பக்கத்தில் பிளாஸ்டிக் ரிவெட்டுகளை உருக்கி அமுக்கியிருப்பார்கள். இங்கே பேசுவது அந்த வகையைப் பற்றித்தான்.

முதலில் பழுது கீபோர்டில்தானா என்று பாருங்கள். பயாஸ் திரையிலும் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் அமைப்புத் திரை) அதே கீகள் வேலை செய்யாவிட்டால் விண்டோஸ் மேல் பழி இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து கீகள் சேர்ந்து செத்திருந்தால், கீகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய சர்க்யூட் தாளான மெம்பிரேனில் அவற்றுக்குப் பொதுவாக ஓடும் ஒரு கோடு அரித்துப்போயிருக்கும். சர்க்கரை போட்ட டீ கொட்டினால் நடப்பது இதுதான். கீ தானாக அடித்துக்கொண்டே இருந்தால் ரிப்பனை (கீபோர்டை மதர்போர்டோடு இணைக்கும் தட்டையான கேபிள்) கழற்றி யூஎஸ்பி கீபோர்டில் ஓட்டிப் பார்க்கலாம். நின்றுவிட்டால் குற்றவாளி கீபோர்டுதான். ஆனால் பவர் பட்டனே கீபோர்டில் இருக்கும் மாடலென்றால் ரிப்பனைக் கழற்றியபின் லேப்டாப் ஆன் ஆகாது. மதர்போர்டு போய்விட்டது என்று பலர் பதறுவது இந்த இடத்தில்.

வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே பெயரில் பேக்லைட் உள்ளது, இல்லாதது, பவர் பட்டனோடு, பட்டன் இல்லாமல் என்று பல வகை வரும். பழைய கீபோர்டின் முதுகில் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர், ரிப்பனின் அகலம், அது வெளிவரும் இடம், என்டர் கீயின் வடிவம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குவதானால் பழைய கீபோர்டின் பின்பக்கப் படத்தைப் போனில் காட்டினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

திறப்பதற்கு முன் ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். இல்லையென்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக விண்டோஸ் முழுதாக அணையாது. ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். கழற்றிய ஸ்க்ரூக்களை, ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பாகத்தை வரைந்து அந்தந்த இடத்தில் ஒட்டி வையுங்கள். குட்டை ஸ்க்ரூவின் துளையில் நீளமானதை முறுக்கினால் மேல்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். அடி மூடி கழன்று வந்தவுடன் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

அதிகம் உடைவது ரிப்பன் லாக். சிலவற்றில் லாக் மேல்நோக்கி நிமிரும், சிலவற்றில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே நகரும். எந்த வகை என்று தெரியாமல் நெம்பினால் அந்தக் கறுப்புப் பட்டை பறந்துவிடும். திரும்பச் செருகும்போது ரிப்பன் கோணலாக நின்றால் பாதிக் கீகள்தான் வேலை செய்யும்.

பழைய கீபோர்டைப் பிய்ப்பதற்கு முன்பே புதியதைச் சோதித்துவிடுங்கள். அதன் உலோக முதுகுக்கு அடியில் தடித்த அட்டை வைத்து, ரிப்பனைச் செருகி, பேட்டரியை இணைத்து ஒவ்வொரு கீயையும் அடித்துப் பாருங்கள். ரிவெட் அடித்தபின் எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுக்கமாட்டார்.

அடுத்து மதர்போர்டு, ஃபேன் எல்லாம் வெளியே வர வேண்டும். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கைப் பிரிக்காமல் போர்டோடு சேர்த்தே தூக்கினால், அதற்கும் ப்ராசஸருக்கும் நடுவில் இருக்கும் பேஸ்ட்டை மாற்றும் வேலை மிச்சம். ரிவெட்டுகள் 60-லிருந்து 100 வரைகூட இருக்கும். நெம்பிப் பிய்த்தால் தண்டு அடியோடு முறியும், பிறகு உருக்க எதுவும் மிஞ்சாது. கூரான பிளேடால் தலையை மட்டும் சீவ வேண்டும், தண்டு எவ்வளவு உயரம் மிஞ்சுகிறதோ அவ்வளவு நல்லது. வேலையின் முக்கால்வாசி நேரம் இதற்கே போகும். முதுகில் ஒட்டியிருக்கும் கறுப்புத் தாளைக் கிழிக்காமல் எடுத்துத் திரும்ப ஒட்டுங்கள். அது இல்லையென்றால் பேக்லைட் வெளிச்சம் கசியும், அடுத்த முறை கொட்டும் தண்ணீர் நேராகப் போர்டுக்குப் போகும்.

எது நிலைக்கிறது என்பது இனிமேல்தான். சூட்டுப் பசை (ஹாட் க்ளூ) தடிமனாக நிற்பதால் மூடி சரியாக உட்காராது. ஃபேன் பக்கத்துச் சூட்டில் இளகியும் விடும். ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம்: அதன் ஆவி கீகளுக்குள் வெள்ளையாகப் படியும், ஒட்டிய இடமும் நொறுங்கும். டபுள் சைடு டேப் சில மாதங்களில் விட்டுவிடும்.

தாக்குப்பிடிப்பது, உருக்குவதும் அரால்டைட்டும் (இரண்டு ட்யூபைக் கலந்து ஒட்டும் எபாக்சி பசை) சேர்ந்த முறை. சோல்டரிங் அயர்னைச் சுமார் 220 டிகிரியில் வைத்து, தட்டையான முனையால் ஒவ்வொரு தண்டையும் இரண்டு மூன்று விநாடி மட்டும் தொட்டுப் பரப்புங்கள். அழுத்தினால் மேல்பக்கத்தில் பள்ளம் தெரியும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. தண்டு குட்டையாகிவிட்ட இடங்களில் தீக்குச்சி முனையால் ஒரு துளி அரால்டைட் வைத்து, பேனலைத் துண்டின்மேல் கவிழ்த்து, மேலே சீரான பாரம் ஏற்றி 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். துளி பெரிதானால் வழிந்து கீக்குள் இறங்கும்.

சுற்று ஓரத்தை மட்டும் ஒட்டிவிட்டு நடுவை விடுவதுதான் வழக்கமான சோம்பல். முதல் வாரம் வித்தியாசம் தெரியாது. போகப்போக ஜி (G), எச் (H), பி (B) கீகள் இருக்கும் நடுப்பகுதி அடிக்க அடிக்க அமுங்கி எழும்பும், ஸ்பேஸ் பாருக்கு மேல் கடகடவென்று சத்தம் வரும். அந்த நடுப்பகுதியில் ஒரு ரிவெட்டையும் விடக்கூடாது.

தண்டுகள் நிறைய முறிந்துபோனாலோ, கீல் பக்கம் பேனல் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தாலோ, கீபோர்டோடு சேர்ந்த சி பேனலையே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். விலை கூடுதல்தான். ஆனால் உருக்குவது, ஒட்டுவது எதுவும் கிடையாது, போர்டை இடம் மாற்றினால் முடிந்தது.

காம்பாடிபிள் (ஒரிஜினல் அல்லாத, வேறு கம்பெனி செய்த) கீபோர்டுகளில் எழுத்துத் தேய்வது சகஜம். அதிகம் அடிபடும் ஏ, எஸ், இ கீகள் முதலில் மங்கும். சிலிகான் கவர் போட்டுக் காப்பாற்ற நினைப்பவர்கள், மூடும்போது அதை எடுத்துவிடுங்கள், திரையில் தடம் விழும்.