முப்பரிமாணத் திரையில் கண்புரை அறுவை: கருவிழி வீக்கம் குறைகிறதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில் கண்புரைக்கு வருகிறவர்களில் பலர் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர்கள், செம்பனைக் குலை தூக்கியவர்கள். பார்வை நன்றாக மங்கிய பிறகே வருகிறார்கள். அதற்குள் புரை பழுப்பேறி இறுகிப்போயிருக்கும். மருத்துவர் பார்த்து அறுவை செய்யும் முப்பரிமாணத் திரையின் பலனை இந்தக் கடினமான கண்களை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

நுண்ணோக்கியின் கண்குழலுக்குப் பதில் கேமரா, 55 அங்குல 4கே திரை, படத்தை ஆழத்தோடு காட்டும் போலரைஸ்டு மூக்குக்கண்ணாடி: அமைப்பு இவ்வளவுதான். இவ்வகையில் அல்கான் நிறுவனத்தின் நிஜெனியூட்டி 2016-இலும், ஸைஸ் நிறுவனத்தின் ஆர்டிவோ 800 2019-இலும் வந்தன. கழுத்துவலி குறைவது உண்மை. மருத்துவர் பார்ப்பதைத் தாதியும் அதே ஆழத்தோடு பார்ப்பதால், கேட்கும் முன்பே அடுத்த கருவி கைக்கு வந்துவிடும். விளக்கொளியையும் குறைக்கலாம், கண் கூசித் தலையை அசைக்கும் நோயாளிக்கு அது பெரிய ஆறுதல்.

திரையை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பொட்டுப் பக்கமாக, அதாவது கண்ணின் காதோரப் பக்கத்தில், வெட்டுப் போடும் மருத்துவர் பக்கவாட்டில் அமர்வார்; திரை அவருக்கு நேர் எதிரே, 1.2 முதல் 1.5 மீட்டர் தள்ளி, கண்மட்டத்தில் இருக்க வேண்டும். மேலோ கீழோ விலகினால் படம் இரட்டை இரட்டையாகத் தெரியும். வலக்கண்களை முதலிலும் இடக்கண்களைப் பிறகும் பட்டியலிட்டால், திரையை ஒரே முறை உருட்டினால் போதும். கேமரா துவாரத்தை 30 சதவீதம் அளவுக்குச் சுருக்கினால் குவிய ஆழம் (ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம்) கூடும், குவியத்தைத் திருத்த அடிக்கடி மிதிகட்டையை அழுத்த வேண்டியதில்லை. ஆனால் படத்தை வெளிச்சமாக்க கெய்னை (கேமரா படத்தின் ஒளியைப் பெருக்கும் அளவை) மிகவும் ஏற்றினால் புள்ளி புள்ளியாகும்.

இனி கருவிழி, அதாவது கண்ணின் முன்புறத்துத் தெளிந்த படலமான கார்னியா. அதன் உள்தோல் செல்கள் சதுர மில்லிமீட்டருக்கு 2,000 முதல் 3,000 வரை இருக்கும். கருவிழிக்குள் புகும் நீரை ஓயாமல் வெளியேற்றுவது இவைதான். அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. புரையை உடைக்கும் அல்ட்ராசவுண்ட் ஆற்றல், சுழலும் திரவம், தெறிக்கும் புரைத்துண்டு, கருவியின் உரசல் எல்லாம் இவற்றைத் தேய்க்கின்றன. நடுவில் ஏறத்தாழ 540 மைக்ரான் தடிமனுள்ள கருவிழி மறுநாள் உப்பி மங்குவது இதனால்தான்.

திரை இந்தக் கணக்கை மாற்றுவதில்லை. கை பழகும்வரை அறுவை நேரம் கூடவே செய்கிறது. கூடும் ஒவ்வொரு நிமிடமும் கண்ணுக்குள் அதிகத் திரவம் ஓடுகிறது. ஆகவே இறுகிய புரையைத் திரையில் பழகும் முதல் வாரங்களுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. கருவிழியைக் காப்பது வேறு: அறுவைக்கு முன் ஸ்பெகுலர் மைக்ரோஸ்கோப்பில் செல் எண்ணிக்கை, உள்தோலில் ஒட்டிநின்று அதைக் காக்கும் விஸ்கோ என்ற கெட்டியான ஜெல்லை அறுவையின் நடுவில் மீண்டும் நிரப்புவது, புரையைக் குழிதோண்டி உடைப்பதைவிடச் சாப் முறையில், அதாவது கொக்கிக் கருவியால், பிளப்பது. திரைக்குப் பணம் ஒதுக்கும் முன் இந்தச் செல் எண்ணும் கருவி இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

சிவப்பொளியைக் கூட்டும் நிற வடிகட்டி, புரையின் மேலுறையை வட்டமாகக் கிழிக்கும்போது நன்றாக உதவும். ஆனால் அதே நிறத்தில் வெட்டு வாயில் உரிந்து தொங்கும் டெஸ்மெட் சவ்வு (கருவிழியின் உட்புறத்து மெல்லிய சவ்வு) கண்ணில் படாமல் போகலாம். முடிக்கும் முன் இயல்பு நிறத்துக்கு மாற்றி வெட்டுகளைச் சரிபார்ப்பது கட்டாயம். சவ்வு பெரிதாகக் கழன்றிருந்தால் காற்றுக்குமிழி செலுத்தி மல்லாந்து படுக்க வைப்பார்கள்.

மறுநாள் வீக்கம் தெரிந்தால் முதலில் கண் அழுத்தத்தை அளக்க வேண்டும். மிச்சமான விஸ்கோ வடிகாலை அடைத்திருக்கலாம். ஒரே நாளில் பலருக்கு கருவிழி ஓரத்திலிருந்து ஓரம்வரை வெளுத்திருந்தால், திரையைக் குறைசொல்வதை விட்டுவிட்டு, நுண்குழாய்க் கருவிகளைக் கழுவிய முறையையும் அவற்றில் தங்கிய சோப்பையும் தேட வேண்டும். சாதாரண வீக்கத்துக்கு 1 சதவீதப் பிரெட்னிசலோன் சொட்டும், 5 சதவீத உப்புச் சொட்டும் கொடுப்பார்கள். பெரும்பாலும் சில வாரங்களில் தெளியும். 3 மாதம் தாண்டியும் தெளியாவிட்டால் உள்தோல் மாற்று அறுவையைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

வீட்டிலிருப்பவர்களுக்கு ஒன்று சொல்லி அனுப்ப வேண்டும். காலையில் பனிமூட்டமாகவும் மதியத்துக்கு மேல் தெளிவாகவும் தெரிந்தால் பயமில்லை. இரவில் இமை மூடியிருப்பதால் நீர் ஆவியாகாமல் தங்குவதுதான் காரணம். கண் வலித்து, சிவந்து, பார்வையும் இறங்கினால் அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்கக் கூடாது, அன்றே வர வேண்டும்.