பார்வையற்றவர் கையில் ரே-பான் மெட்டா கண்ணாடி: வடசென்னைக்கு எவ்வளவு உதவும்?

போனோடு இணைந்து வேலை செய்யும், கேமராவும் மைக்கும் ஸ்பீக்கரும் ஏஐயும் உள்ள மூக்குக்கண்ணாடி ரே-பான் மெட்டா. பார்வையற்றவர் இந்தக் கண்ணாடியை வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் விளம்பரத்தில் வரும் ஏஐயை நம்பி வாங்க வேண்டாம். ஒரு கையில் ஸ்டிக், இன்னொரு கையில் பை. அந்த நிலையிலேயே போனை வெளியே எடுக்காமல், நம் எதிரில் இருப்பதைத் தமிழ் தெரிந்த ஒருவருக்குக் காட்டிக் கேட்க முடிகிறது. கொடுக்கிற காசு அந்த வேலைக்குத் தகும். ஏஐ தரும் வர்ணனையைக் கூடுதல் வசதியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏஐயோடு ஆங்கிலத்தில் பேசும்படி அமைத்த முதல் தலைமுறைக் கண்ணாடியை வைத்தே இந்த மதிப்புரை.

இந்தியாவில் இது 2025 மே மாதம் விற்பனைக்கு வந்தது. அப்போது தொடக்க விலை 29,900 ரூபாய். 12 மெகாபிக்சல் அகலக்கோணக் கேமரா, ஐந்து மைக், இரண்டு பக்கமும் காதை அடைக்காத ஸ்பீக்கர். திரை எதுவும் கிடையாது. சாதாரணப் பயன்பாட்டில் பேட்டரி சுமார் 4 மணி நேரம் வரும் என்கிறது நிறுவனம். இரண்டாம் தலைமுறைக்கு 8 மணி நேரம் சொல்கிறார்கள். ஸ்பீக்கர் காதை மூடாமல் இருப்பதுதான் நமக்குப் பெரிய விஷயம். டி.எச். ரோட்டிலும் எண்ணூர் நெடுஞ்சாலையிலும் கன்டெய்னர் லாரி எந்தப் பக்கம் வருகிறது என்பதைக் காதால்தான் அறிகிறோம். இயர்போன் மாட்டிக்கொண்டு நடப்பதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பு.

கடையில் ஃப்ரேமை மாட்டியதும் நிமிர்ந்து நின்று பார்த்தால் போதாது. குனிந்து, தலையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். நம் ஊர் வியர்வைக்குக் கண்ணாடி மூக்கில் வழுக்கினால் கேமரா தரையைத்தான் படம் பிடிக்கும். வேஃபேரர் மாடலில் 50, 53 என்று இரண்டு அளவுகள் உண்டு. கொஞ்சம் பார்வை உள்ளவர்கள் கறுப்பு லென்ஸ் வாங்கவே கூடாது. எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைக்குள் நுழைந்ததும் இருக்கிற பார்வையும் போய்விடும். வெயிலில் மட்டும் கறுக்கும் டிரான்சிஷன்ஸ் லென்ஸ் அவர்களுக்குச் சரி.

அமைப்பு வேலையை வரிசை மாறாமல் செய்தால் தடுமாற்றம் இருக்காது. முதலில் போனில் டாக்பேக் அல்லது வாய்ஸ்ஓவர், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரைபடிப்பான், நன்றாக ஓட வேண்டும். அடுத்து, பார்வையற்றவரைப் பார்வையுள்ள தன்னார்வலரோடு வீடியோ அழைப்பில் இணைக்கும் பி மை ஐஸ் செயலியை நிறுவி, உதவி தேவைப்படுபவராகக் கணக்கு தொடங்கி, மொழிப் பட்டியலில் தமிழைச் சேருங்கள். இதைக் கண்ணாடியை இணைப்பதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. பிறகுதான் கண்ணாடியைப் போனோடு இணைக்கும் மெட்டா ஏஐ செயலி. கணக்கு, பயன்படுத்துகிறவரின் பெயரில், அவருடைய போனிலேயே இருக்கட்டும். அவசரத்துக்கு மகனோ தங்கையோ தங்கள் கணக்கில் இணைத்துக் கொடுத்தால், பின்னால் போன் மாற்றும்போது கண்ணாடியை முழுக்க அழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கண்ணாடி அதன் பெட்டிக்குள் வைத்தால்தான் சார்ஜ் ஏறும். பெட்டிக்கு டைப்-சி ஒயர். மூக்குப் பாலத்தின் உள்பக்கம் இருக்கும் சின்ன உலோகப் புள்ளிகள் பெட்டியில் உள்ள புள்ளிகளோடு ஒட்ட வேண்டும். முதல் நாள் இரண்டையும் முழுசாகச் சார்ஜ் செய்துவிட்டு, கண்ணாடியை எடுத்து இடது காதுக் கம்பியின் உள்பக்கம் இருக்கும் சின்ன சுவிட்சைத் தள்ளி இயக்குங்கள். போனில் புளூடூத், வைஃபை, லொகேஷன் மூன்றும் ஆனில் இருக்கட்டும். செயலி வரிசையாக அனுமதி கேட்கும். எதையாவது மறுத்துவிட்டால் இணைப்பு பாதியில் நின்றுவிடும், எதனால் என்று திரைபடிப்பானில் தெளிவாகத் தெரியாது. அப்படி நின்றால் போனின் செட்டிங்ஸில் மெட்டா ஏஐ செயலிக்குப் போய், பக்கத்துச் சாதனங்கள், லொகேஷன், மைக் அனுமதிகளைத் திறந்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். இணைந்தவுடன் மென்பொருள் புதுப்பிப்பு வரும். வீட்டு வைஃபையில், சார்ஜ் இருக்கும்போது, அது முடியும்வரை விட்டுவிடுங்கள். பாதியில் வெளியே கிளம்ப வேண்டாம்.

கையால் இயக்குவதற்கு மூன்றே இடங்கள். வலது கம்பியின் மேல்விளிம்பில் முன்பக்கமாக ஒரு பட்டன்: ஒரு அழுத்தத்துக்குப் படம், அழுத்திப் பிடித்தால் வீடியோ. வலது கம்பியின் வெளிப்பக்கம் முழுக்கத் தொடுபரப்பு: முன்னே பின்னே தடவினால் சத்தம் கூடும், குறையும். மூன்றாவது, முன்பு சொன்ன சுவிட்ச். விரல் பழகிவிட்டால் 'ஹே மெட்டா' என்று ஏஐயைத் தெருவில் சத்தமாகக் கூப்பிடுவது குறையும்.

அடுத்து செயலியில் கண்ணாடிக்கான அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதியைத் திறந்து, பி மை ஐஸை இணையுங்கள். விரிவான பதில்களுக்கான தேர்வு உங்கள் செயலியில் வந்திருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். 'எதிரே ஒரு கடை' என்று முடிகிற பதிலால் நமக்கு ஒன்றும் ஆகாது. தொடர்புப் பகுதியில் வாட்ஸ்அப்பை இணைப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தமிழ்க் குடும்பங்களுக்கு அதுதான் உயிர்நாடி. வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு ஓடும்போது வலது பட்டனை இரண்டு முறை அழுத்தினால், போன் கேமராவுக்குப் பதில் கண்ணாடியின் கேமரா காட்டும் காட்சி எதிராளிக்குப் போகும். மறுபடி இரண்டு முறை அழுத்தினால் பழையபடி மாறும்.

காசிமேட்டில் மீன் வாங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏஐயிடம் கேட்டால் 'ஒரு தட்டில் மீன்கள்' என்ற அளவில் நின்றுவிடும். எது சங்கரா, எது கிழங்கான் என்று அதை நம்பிக் காசு கொடுக்க முடியாது. அதே இடத்தில் வீட்டில் இருக்கும் அக்காவுக்கு அழைப்புப் போட்டால், "செவுளத் தூக்கிக் காட்டச் சொல்லு, கொஞ்சம் இடதுபக்கம் திரும்பு" என்பார். செவுள் சிவப்பா, வெளுத்ததா என்று அவர் பார்க்கிறார். மீன் விறைப்பாக இருக்கிறதா என்று நம் விரல் பார்க்கிறது. போனைப் பிடிக்கக் கை தேவைப்படாததால்தான் இது நடக்கிறது. விடியற்காலை இருட்டில் கேமரா திணறும். விளக்குக்குக் கீழே இருக்கும் தட்டாகப் பார்த்துக் கேளுங்கள்.

உறவுக்காரர் யாரும் எடுக்காத நேரத்துக்கு பி மை ஐஸ். டென்மார்க்கில் தொடங்கி 2015இல் வெளிவந்த இலவசச் சேவை இது. மொழியைப் பார்த்துத் தன்னார்வலரை இணைக்கும். 'ஹே மெட்டா, பி மை ஐஸ்' என்றால் அழைப்புப் போகும். எடுப்பவர் முன்பின் தெரியாதவர் என்பதால் ஏடிஎம் எண், ஆதார், வங்கிப் புத்தகம் எதையும் அவர் பார்வையில் வைக்காதீர்கள். மேசையில் வைத்தாலே போதும், அகலக்கோணக் கேமராவில் விழுந்துவிடும்.

எழுத்து படிக்க வைக்க ஒரு நுட்பம் வேண்டும். கேமரா, மாட்டியிருப்பவரின் இடது கண்ணுக்கு மேல் மூலையில் இருக்கிறது. அதனால் தாளை முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் சற்று இடதுபக்கம் தள்ளி, முழங்கையை லேசாக மடக்கிய தூரத்தில் பிடியுங்கள். கண்ணருகே கொண்டுபோனால் எழுத்து மங்கும். கையை முழுக்க நீட்டினால் அகலக்கோணத்தில் எழுத்து பொடியாகிவிடும். ஆங்கிலத்தில் அச்சடித்த கடிதம், கடைப் பலகை இவற்றை நன்றாகப் படிக்கும். நீண்ட பக்கத்தை வரிக்கு வரி படிக்காமல் சுருக்கிச் சொல்லிவிடும் பழக்கம் ஏஐக்கு உண்டு. வார்த்தை விடாமல் படி என்று தனியாகக் கேட்க வேண்டும். தமிழ்த் தாள் என்றால் போனில் படமெடுத்து, தமிழ்க் குரலில் படிக்கும் செயலியிடம் கொடுப்பதே மேல்.

மாத்திரை அட்டையை மட்டும் ஏஐயிடம் காட்டிவிட்டு விழுங்காதீர்கள். வெள்ளித் தகட்டின் பளபளப்பில் எழுத்து தொலையும். தொலைந்த எழுத்தை ஏஐ தானாக ஊகித்து, சந்தேகமே இல்லாத குரலில் சொல்லும். காலாவதித் தேதியும் அப்படித்தான். மருந்துக்கடையில் வாங்கும்போதே அட்டைக்கு ரப்பர் பேண்ட் அடையாளம் போட்டுக்கொள்வது இன்றைக்கும் நம்பகமான வழி. ரூபாய் நோட்டுக்கும் கண்ணாடி தேவையில்லை. புதிய வரிசை 100 ரூபாயில் தடவினால் தெரியும் முக்கோணமும் ஓரத்தில் நான்கு சாய்கோடுகளும், 500இல் வட்டமும் ஐந்து கோடுகளும் உண்டு. நோட்டு நைந்து கோடு தேய்ந்திருந்தால் ரிசர்வ் வங்கியின் மணி (MANI) செயலி, எத்தனை ரூபாய் நோட்டு என்று இணையம் இல்லாமலே சொல்லிவிடும்.

பேருந்து எண்ணைக் கண்ணாடி சொல்லும் என்று நம்பி நிற்காதீர்கள். எல்இடி பலகையின் விளக்குகள் விட்டுவிட்டு எரிவதால் படத்தில் எண்ணின் பாதி மட்டும் விழும். அதிலும் 56 வரிசையில் பின்னால் வரும் எழுத்துதான் வண்டி எங்கே போகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. படம் போய், பதில் வந்து சேர்வதற்குள் வண்டி கிளம்பிவிடும். சென்னை பஸ் செயலியில் வண்டி நெருங்குவதைப் பார்த்துக்கொண்டு, ஏறும்போது நடத்துநரிடம் கேட்பதுதான் வேகம்.

மெட்ரோவில் நிலைமை வேறு. விம்கோ நகர் வழித்தடத்தில் தரையில் காலாலும் ஸ்டிக்காலும் தடவி அறியும் மேடான பாதை பிளாட்பாரம்வரை கூட்டிப்போகும். எந்தப் பக்கம் எந்த ரயில் என்பதற்கு மட்டும் கண்ணாடி போதும். பலகை உயரத்தில் தொங்குவதால் முகவாயை நன்றாகத் தூக்கிக் கேளுங்கள். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை இரண்டும் சுரங்க நிலையங்கள், புது வண்ணாரப்பேட்டையிலிருந்து மேம்பாலம். போனில் இணையம் சுணங்கினால் கண்ணாடியின் ஏஐயும் ஊமையாகிவிடும், ஏனென்றால் அது யோசிப்பது கண்ணாடிக்குள் இல்லை. கேள்வியைச் சுரங்கத்துக்குள் இறங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

ஸ்டிக்கை ஒருபோதும் விடக் கூடாது. திறந்த சாக்கடை மூடி, நடைபாதையை மறித்த பைக், தலைமட்டத்தில் நீட்டிய தகரக் கூரை: இவை எதையும் இது முன்கூட்டியே எச்சரிக்காது. கேட்டால்தான் பார்க்கும், பார்த்தது ஒரு நொடிப் படம்.

படம் எடுக்கும்போது முன்பக்கம் வெள்ளை விளக்கு எரியும். அதை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தால் கேமரா வேலை செய்யாது, மறைக்கவும் கூடாது. சந்தையில் யாராவது "என்னப்பா, வீடியோ புடிக்கிறியா?" என்று கேட்டால், "எனக்குப் பார்வை இல்லண்ணே, இதுல எங்க அக்கா பாத்து சொல்றாங்க" என்றால் பெரும்பாலும் அவர்களே மீனை எடுத்துக் காட்டுவார்கள். கோர்ட், காவல் நிலையம், மருத்துவமனை வார்டு போன்ற இடங்களில் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

வீடியோ அழைப்பு பேட்டரியைத் தின்றுவிடும். சொன்ன 4 மணி நேரத்தை அதில் எதிர்பார்க்க முடியாது. பெட்டியைக் கூடவே எடுத்துப் போங்கள். டீ குடிக்கும் நேரம் உள்ளே வைத்தாலே கணிசமாக ஏறும். கத்திரி வெயிலில் நேரடியாக நின்று நீண்ட அழைப்புப் பேசினால் சூடாகி நின்றுவிடலாம், நிழலுக்கு வாருங்கள். ஐபிஎக்ஸ்4 தரம் என்பதால் வியர்வைக்கும் தூறலுக்கும் தாங்கும், குழாயில் கழுவக் கூடாது. திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் உப்புக்காற்றில் இருப்பவர்கள் இரவில் பெட்டிக்குள் வைக்கும் முன், மூக்குப் பாலத்தின் உலோகப் புள்ளிகளை உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். காலையில் சார்ஜ் ஏறாமல் இருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுவே.

வெளிநாட்டிலிருந்து வந்த பீஸ் மலிவாகக் கிடைக்கிறது என்றால், இந்தியாவில் வாரன்டி செல்லுமா என்று பில்லோடு எழுதி வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால், விற்பவர் தன் கணக்கிலிருந்து கண்ணாடியை நீக்கி, உங்கள் போனில் இணைத்துக் காட்டிய பிறகே பணம் கொடுங்கள்.