மாரி காலத்து ஞாயிறு இரவு: ஆட்டுக்காலா, ஊர்க்கோழியா, கூழா?

மட்டக்களப்பில் பனி பெய்வதில்லை. மார்கழி, தை மாதங்களில்கூட இரவின் வெப்பநிலை பெரும்பாலும் 22, 23 பாகை செல்சியசுக்குக் கீழே போவதில்லை. ஆயினும் வடகீழ்ப் பருவமழை பிடித்துக்கொண்டு, மூன்று நாட்களாகச் சூரியனைக் காணாமல், துவைத்த துணி கொடியிலேயே ஈரவாடை வீசிக் கிடக்க, வாவிப் பக்கமிருந்து வாடைக்காற்று வீட்டுக்குள் புகும்போது, வெப்பமானியில் என்ன இருந்தாலும் உடம்பு அதைக் குளிர் என்றே எடுத்துக்கொள்கிறது. ஆண்டு முழுவதற்குமான எங்கள் மழையில் பெரும்பங்கு நவம்பர் முதல் ஜனவரி வரையிலேயே கொட்டித் தீர்ந்துவிடுவதால், நெடுநேரம் அடுப்பில் வைத்துச் சமைக்கும் இராச்சாப்பாட்டுக்கு உரிய வார இறுதிகள் ஆண்டொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் எங்களுக்கு வாய்ப்பதில்லை. அவற்றை எந்தச் சமையலுக்குக் கொடுப்பது என்பதில் எங்கள் வீட்டில் ஒவ்வொரு மாரியிலும் பேச்சு எழும். போட்டியில் நிற்பவை மூன்று: ஆட்டுக்கால் சூப், பிட்டோடு ஊர்க்கோழிக் கறி, பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ்.

சுவையை மட்டும் அளவாகக் கொண்டால் இந்த ஒப்பீடு முடியாது. மூன்றுக்கும் எங்கள் வீட்டிலேயே ஆள் உண்டு. நான் வேறொரு அளவை வைத்துக்கொள்கிறேன். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில் சமைத்தவர் எங்கே இருக்கிறார் என்று பார்க்கிறேன். சிறுவயதில் மழை நாட்களில் நாங்கள் எல்லோரும் பாயில் உட்கார்ந்து சுடச்சுடப் பிட்டும் கோழிக்கறியும் சாப்பிடுவோம். அம்மா மட்டும் குசினியில் நிற்பார். "நீங்க சாப்பிடுங்க, நான் அடுத்த குழல இறக்கிட்டு வாறன்" என்பார். அவர் வந்து உட்காரும்போது கறி ஆறியிருக்கும், நாங்கள் கைகழுவ எழுந்திருப்போம். குடும்பத்தோடு உண்ணும் உணவு என்று அதை நாங்கள் சொல்லிக்கொண்டதில் ஓர் ஆளைக் கணக்கில் விட்டிருந்தோம் என்பது, நானே குழல் இறக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஆட்டுக்காலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மூன்றிலும் உண்மையாகவே நெடுநேரம் கேட்பது அதுதான். ஆட்டின் காலில் தசை மிகக் குறைவு. தோலும் தசைநாரும் எலும்பும்தான் அதிகம். தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் இறுக்கமான இழைகளாக முறுகிக் கிடப்பது. ஏறத்தாழ 70 பாகைக்கு மேற்பட்ட ஈரச் சூட்டில் மணிக்கணக்காக இருந்தால்தான் அது அவிழ்ந்து ஜெலற்றினாக நீரில் கரையும். சூப்பைக் குடித்தபின் உதடு ஒட்டுவதும், மறுநாள் காலையில் குளிர்சாதனப் பெட்டியில் அது களியாக உறைந்திருப்பதும் அந்த ஜெலற்றினால்தான். ஆகையால் இங்கே அவசரம் பயன்படாது. கொதிக்கக் கொதிக்க எரித்தால் கொழுப்பு நீரோடு கலந்து சூப் கலங்கிப் போகும். மெல்லக் குமிழி எழும் அளவில் விட்டால் தெளிவாக வரும்.

நான்கு காலுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. மல்லி, மிளகு, சீரகம் மூன்றையும் வறுத்து ஒன்றிரண்டாக இடித்து, உள்ளி, இஞ்சி, சின்ன வெங்காயம், ஒரு துண்டு கறுவா, ரம்பை, கறிவேப்பிலை ஆகியவற்றோடு சட்டியில் இட்டு, மாலை மூன்று மணிக்கு அடுப்பில் ஏற்றினால் ஏழு, ஏழரைக்கு இறக்கலாம். உழைப்பு முழுவதும் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. காலை நெருப்பில் வாட்டி, மயிரைச் சுரண்டி, நன்றாகக் கழுவுவதுதான் பெரிய வேலை. ஏறாவூரிலோ காத்தான்குடியிலோ இறைச்சிக் கடைக்காரரிடம் முதல்நாளே சொல்லிவைத்தால் அதையும் வாட்டி வெட்டித் தந்துவிடுவார்கள். பூரணை நாளில் இறைச்சிக் கடைகள் பூட்டப்பட்டிருக்கும் என்பதால், போயா தினம் வார இறுதியில் விழுந்தால் வெள்ளிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். சட்டியை ஏற்றிய பிறகு அரை மணிக்கு ஒரு தடவை நுரையை எடுப்பதையும், விறகைத் தள்ளிவிடுவதையும் தவிர வேறு வேலையில்லை. சமைப்பவர் உட்கார்ந்து பேசலாம், பிள்ளைகளின் கணக்குப் பாடத்தைப் பார்க்கலாம், ஒரு தூக்கம்கூடப் போடலாம். தொட்டுக்கொள்ளக் கடைப் பாண் போதும். இந்தச் சட்டிக்கு நேரம்தான் வேண்டும்; ஆள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை.

இதற்குக் குறையும் உண்டு. பத்துப் பேருக்கு இது முழுச் சாப்பாடு ஆகாது; பாணோடு குடித்துவிட்டு ஒன்பதரை மணிக்கு மறுபடி பசிக்கிறது என்பவர்களை நான் அறிவேன். சிறு பிள்ளைகளில் பாதிப்பேர் கால் துண்டைக் கையால் தொடவே மாட்டார்கள்.

ஊர்க்கோழிக்கு வருகிறேன். நாவின் தீர்ப்பை மட்டும் கேட்டால் இதற்குத்தான் என் வாக்கு. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கத்து வளவுகளில் மேய்ந்து வளர்ந்த, முட்டையிட்டு ஓய்ந்த பேட்டுக்கோழியின் இறைச்சி இறுகியது. ஒன்றரை, இரண்டு மணி நேரம் அடுப்பில் இருந்தால்தான் எலும்பை விட்டு இளகும். பண்ணைக் கோழி அரை மணியில் வெந்துவிடுவதால் அதை இந்தப் போட்டியில் சேர்க்க முடியாது. இரண்டு மணி நேரம் விட்டால் அது நாராகப் பிரிந்து போகும். ஊர்க்கோழியின் ஆணத்தில் இருக்கும் ஆழம் வேறு எந்த இறைச்சியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் இந்தக் கறி ஆளை விடாது. வெங்காயம் பொன்னிறமாகும் வரை நிற்க வேண்டும். வறுத்த கறித்தூள் கருகாமல் பிரட்ட வேண்டும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல், வற்ற வற்றச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அடியில் பிடிக்கிறதா என்று அகப்பையால் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தேங்காயின் முதற்பாலை, கறியை இறக்குவதற்குச் சற்று முன்னர் விட்டு, பொங்கவிடாமல் கிளறி எடுக்க வேண்டும். கண் அயர்ந்தால் பால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். இத்தனையும் முடிந்த பின்னர் பிட்டு தொடங்குகிறது. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து வாழ்வதைச் சொல்ல எங்கள் மண் தேர்ந்தெடுத்த உவமையே பிட்டும் தேங்காய்ப்பூவும்தான் என்ற பெருமை எனக்கும் உண்டு. இருந்தாலும் குழல் பிட்டு ஆவி பறக்கும்போதே உண்ணப்பட வேண்டிய உணவு என்பதால், எட்டுப் பேர் உண்ணும் வீட்டில் ஒருவர் குழலோடேயே நிற்க நேரிடுகிறது. குழலை விட்டுவிட்டு நீத்துப்பெட்டியில் ஒரே தடவையில் அவித்தால் நிலைமை சற்று மாறும். சோறோ பாணோ வைத்தால் இன்னும் மாறும். ஆனால் அப்போது கோழியின் ஆணம் ஊறிய பிட்டு என்ற அந்த இணை போய்விடும். ஆகவே இது ஒருவருடைய கால்வலியைக் கொடுத்து வாங்கும் உணவு. அந்த ஒருவர் எப்போதும் ஒரே ஆளாக இருக்கும் வீடுகளே அதிகம் என்பதால், சுவையில் முதலிடம் பெறும் இதை நான் மூன்றாம் இடத்தில் வைக்கிறேன்.

கூழ் யாழ்ப்பாணத்துக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த உணவு என்பதை மறுக்க முடியாது. எனினும் அதற்குள் போடுவதற்கு மட்டக்களப்பு வாவி தருவதைப் போல வேறெந்த இடமும் தருமா என்பது என் சந்தேகம். மாரியில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையில் கிடக்கும் நாட்களில் சந்தையில் கடல்மீன் அருகி, விலை ஏறிவிடும். அதே வேளையில் வாவி பெருகி நிற்கிறது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் முகத்துவாரம் திறந்து வெள்ளம் கடலுக்கு இறங்கும் நாட்களில் இறாலும் அகப்படுகிறது. ஆட்டுக்காலுக்குக் கடையையும் கோழிக்கு வளவையும் நம்பியிருக்க வேண்டியபோது, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை வீட்டுக்குக் கூழுக்கான பொருளை மழையே கொண்டுவந்து கொடுக்கிறது என்பது சிறிய விடயம் அன்று.

நெடுநேரம் வேகும் உணவு என்ற வரையறைக்குள் கூழ் வராது என்று ஒருவர் வாதிடலாம். அடுப்பில் அது இருப்பது ஒன்றேகால் மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி. ஆனால் அதன் நேரம் அடுப்புக்கு வெளியே செலவாகிறது. பச்சைப் பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்து உலர்த்தியதே ஒடியல். அவித்து உலர்த்தினால் அது புழுக்கொடியல், கூழுக்கு உதவாது. ஒடியல் மாவின் கசப்பு நீங்க அதைக் காலையிலேயே தண்ணீரில் கரைத்து வைத்து, மேலே தெளியும் நீரை இரண்டு மூன்று தடவை இறுத்துவிட வேண்டும். மரவள்ளிக் கிழங்கைத் தோல் நீக்கி, மூடாத சட்டியில் தனியாக அவித்து, அந்த நீரை ஊற்றிவிட்டே சேர்க்க வேண்டும். அதில் நச்சுத்தன்மை உண்டு என்பதால் இந்தப் படியைக் குறுக்கவே கூடாது. பலாக்கொட்டையை உலர்ந்த மணலில் புதைத்து வைத்திருந்தவர்கள் அதை எடுத்துத் தோல் உரிக்க வேண்டும். நண்டு உடைக்க வேண்டும், இறால் உரிக்க வேண்டும், பயற்றங்காய் முறிக்க வேண்டும், முருங்கையிலை ஆய வேண்டும், செத்தல் மிளகாயை அம்மியில் அரைக்க வேண்டும், பழப்புளி கரைக்க வேண்டும்.

ஒருவர் தனியாகச் செய்தால் இது தண்டனை. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து செய்தால் ஒரு மணி நேரக் கதை. கோழிக்கறியில் ஆட்களைக் கூட்டினால் குசினியில் இடைஞ்சல்தான் கூடும். கூழில் நான்கு வயதுப் பிள்ளைக்கும் முருங்கையிலை ஆயும் வேலை இருக்கிறது, முழங்கால் நோகிற அம்மம்மாவுக்கும் கதிரையில் இருந்தபடியே பலாக்கொட்டை உரிக்கும் வேலை இருக்கிறது. அடுப்பிலும் ஒழுங்கு எளிது: பலாக்கொட்டையும் ஒரு பிடி சிவப்பரிசியும் முதலில், பயற்றங்காயும் அவித்த மரவள்ளியும் அடுத்து, நண்டும் மீன்தலையும் அதன்பின், இறால் கடைசியில். எல்லாம் வெந்ததும் மிளகாய்க் கூட்டையும் புளியையும் ஒடியல் மாவோடு கரைத்து ஊற்றினால் பத்து நிமிடத்தில் தடித்துவிடும். முருங்கையிலையைப் போட்டு இறக்கலாம். அந்தப் பத்து நிமிடம் மட்டும் ஒருவர் விடாமல் கிண்ட வேண்டும். இறக்கிய பிறகு குசினியில் எவருக்கும் வேலை மிச்சமில்லை. சட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கோப்பையில் ஊதி ஊதிக் குடிக்கலாம். எதிர்பாராமல் இருவர் வந்து சேர்ந்தால் இரண்டு கோப்பைத் தண்ணீரும் இன்னுமொரு கரண்டி மாவும் போதும்.

கார்த்திகையில் பிள்ளையார் பெருங்கதை தொடங்கினால் எங்கள் வீட்டில் 21 நாளும், பின்னர் திருவெம்பாவையின் பத்து நாளும் மச்சம் இல்லை. அந்த வாரங்களில் ஆட்டுக்காலும் கோழியும் தாமாகவே விலகிவிட, மரக்கறிக் கூழ் மட்டுமே எஞ்சுகிறது. நண்டின் இடத்தைப் பூசணியும் கத்தரிக்காயும் நிரப்புவதாக நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அதற்கு ஆள் உண்டு.

அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் தெரிவு பல வேளைகளில் அதிலேயே தீர்ந்துவிடுகிறது. 2022 இல் எரிவாயு கிடைக்காமல் 12.5 கிலோ சிலிண்டருக்காக வரிசையில் நின்றவர்களுக்கு, நான்கரை மணி நேரம் வாயு அடுப்பை எரியவிடுவது இன்றும் மனம் ஒப்பாத செயல். ஆட்டுக்காலுக்கு விறகே பொருத்தம். மண்சட்டி சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடுவதால், தணலில் வைத்தாலே போதுமான கொதி நிற்கும். ஆனால் மாரியில் விறகு நனைந்து புகைவதால், ஐப்பசியிலேயே சிரட்டையும் தேங்காய் மட்டையும் காயவைத்துப் பரணில் ஏற்றாதவர்கள் இதைத் தொடங்காமல் இருப்பது நல்லது. பிரஷர் குக்கரில் நீர் ஏறத்தாழ 120 பாகை வரை சூடேறுவதால் ஆட்டுக்கால் ஒரு மணி நேரத்துக்குள் வெந்துவிடும். வேலை நாளில் நானும் அதைத்தான் செய்கிறேன். ஜெலற்றினில் குறை இருப்பதில்லை. மூடிய பாத்திரத்தில் நீர் வற்றாததால் சூப்பின் செறிவு மட்டும் போதாமல் இருக்கும், திறந்து வைத்து இன்னும் அரை மணி நேரம் வற்றவிட்டால் ஓரளவு சரியாகும். கூழுக்கு எந்த அடுப்பும் போதும்.

மறுநாளுக்கு எது நிற்கும் என்பதில் ஆட்டுக்கால் தெளிவாக முந்துகிறது. தேங்காய்ப்பால் சேராததால், ஆறியவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் நன்றாகக் கொதிக்கவிட்டால் இன்னும் சுவை கூடும். பால் விட்ட கோழிக்கறி மழைநேர மின்வெட்டில் விடிவதற்குள் புளித்துப்போகக்கூடும். நண்டும் இறாலும் போட்ட கூழை அன்றிரவே முடித்துவிட வேண்டும், மிச்சம் வைப்பதற்கான உணவு அன்று அது.

இந்த மாரிக்கு எங்கள் வீட்டு ஏற்பாடு வருமாறு. தங்கச்சி கல்முனையிலிருந்து பிள்ளைகளோடு வரும் வார இறுதிகள் கூழுக்கு உரியவை. நாங்கள் நால்வர் மட்டும் இருக்கும் ஞாயிறுகளில் ஆட்டுக்கால், பாணோடு. ஊர்க்கோழியும் குழல் பிட்டும் மாரி முழுவதற்கும் ஒரேயொரு நாள், அதுவும் அம்மாவின் பிறந்தநாளில். அன்று குழல் இறக்கும் வேலை தம்பிக்கு. போன கிழமை அவன் இரண்டு குழல் அவித்துப் பார்த்தான். முதலாவது உதிர்ந்து போனது. இரண்டாவதை அம்மா பாயில் இருந்தபடியே, ஆவி அடங்குவதற்கு முன்னர் சாப்பிட்டார்.